கிஃப்ட் கார்டு வாங்கி, அதே பணத்தில் கார்டு பில் கட்டிப் பாயிண்ட் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டது இது: அமெரிக்கா வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது, எச்1பி என்ற வேலை விசா, கிரெடிட் ஸ்கோர் 740-ஐத் தாண்டியிருக்கிறது. கூட வேலை செய்யும் ஒருவர் கிரெடிட் கார்டில் 500 டாலர் கிஃப்ட் கார்டுகளை வாங்குகிறார். அவற்றை மணி ஆர்டராக (முன்பே பணம் கட்டி வாங்குகிற, காசோலை மாதிரியான சீட்டாக) மாற்றி வங்கியில் போடுகிறார். அந்தப் பணத்திலேயே கார்டு பில்லைக் கட்டிவிடுகிறார். சேர்ந்த பாயிண்டில் குடும்பத்தோடு பிசினஸ் கிளாஸில் சென்னை போய் வந்துவிட்டார். இது சட்டப்படி சரியா, மாதம் எவ்வளவு தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் 'குடும்பத்தைத் தவிர எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை, சேமிப்பும் அதிகமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உள்ளே இருக்கிற கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: நடுவழியில் ஏதாவது தடைபட்டால் என் பணமும் ஸ்கோரும் விசாவும் என்ன ஆகும்? என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கடைக்கும் வங்கிக்கும் நடுவில் கார்டு பரிவர்த்தனைகளைத் தீர்த்து வைக்கும் மென்பொருளில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். 2013-இலிருந்து ஆறு வருடம் நீங்கள் சொல்கிற இந்த வேலையை நானும் செய்தேன். இங்கே இதற்கு மேனுஃபேக்சர்ட் ஸ்பெண்டிங் என்று பெயர், பேச்சில் எம்எஸ். வக்கீலும் இல்லை, வரி ஆலோசகரும் இல்லை. அதனால் வரி, விசா பற்றி நான் சொல்வதை உங்கள் வரிக் கணக்காளரிடமும் (சிபிஏ) விசா வக்கீலிடமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கும் நடைமுறையும் நான் நேரில் பார்த்தவை, அவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் இந்தப் பாயிண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். நீங்கள் கடையில் 100 டாலருக்குக் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு 97, 98 டாலர்தான் போய்ச் சேரும். கழிந்த இரண்டு மூன்று டாலரில் பெரும்பங்கு, உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். அந்தப் பங்கிலிருந்துதான் வங்கி உங்களுக்குப் பாயிண்ட் தருகிறது. டெபிட் கார்டில் இப்படிப் பாயிண்ட் கிடைக்காமல் போனதற்குக் காரணமும் இதுவே. 2011-இல் டர்பின் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு ஏறத்தாழ 21 சென்ட்டும், அதன் மேல் 0.05 சதவீதமும் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. பகிர்ந்துகொள்ள வங்கி கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிரெடிட் கார்டுக்கு அந்த வரம்பு கிடையாது.

ஆக, வங்கி உங்களுக்கு 2 சதவீதம் தந்தால் அதன் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். மளிகைக் கடைச் செலவுக்கு 5, 6 சதவீதம் தருகிற கார்டு என்றால், அந்தச் செலவில் வங்கிக்கு நஷ்டம்தான். நீங்கள் மற்ற இடங்களிலும் தேய்ப்பீர்கள், எப்போதாவது பாக்கி வைத்து வட்டி கட்டுவீர்கள் என்ற எதிர்பார்ப்பில் அந்த நஷ்டத்தை அது தாங்கிக்கொள்கிறது. மாதம் 500 டாலருக்கு மளிகை வாங்குகிற குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் ஒருவர் மாதம் 10,000 டாலருக்குக் கிஃப்ட் கார்டு வாங்கினால் வங்கியின் கணினிக்கு அது உடனே தெரியும். எங்கள் வேலையில் இதைக் கண்டுபிடிக்க யாரும் பெரிய ஆராய்ச்சி செய்வதில்லை. 506.95, 506.95, 1,013.90 என்று ஒரே தொகைகள் திரும்பத் திரும்ப வந்தால் போதும், பட்டியலைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மளிகை வாங்குகிறவருக்கு ஒரே தொகை இரண்டு முறை வருவதே அபூர்வம்.

அந்த 506.95 எங்கிருந்து வந்தது? இங்கே கடைகளில் தொங்கும் விசா, மாஸ்டர்கார்டு கிஃப்ட் கார்டுகளில் ஒன்றில் அதிகபட்சம் 500 டாலர் ஏற்றலாம். அதை உயிர்ப்பிக்க ஒரு கட்டணம் உண்டு, கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். 6.95 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது எல்லாச் செலவுக்கும் 2 சதவீதம் தருகிற கார்டு என்றால், 506.95-க்கு 10.14 டாலர் கிடைக்கும். அதில் 6.95 கட்டணமாகப் போகும். மணி ஆர்டருக்கு ஒரு டாலர் போகட்டும். கையில் நிற்பது 2.19 டாலர். இதற்காக இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும், இரண்டு வரிசையில் நிற்க வேண்டும், வங்கிக்கு ஒரு நடை போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். 5 சதவீதம் தருகிற கார்டு என்றால் அதே கணக்கில் 17.40 டாலர் நிற்கும். அது பரவாயில்லை. ஆனால் 5, 6 சதவீதம் தருகிற கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு உண்டு. மளிகைக்கு 6 சதவீதம் தருகிற, பலரும் வைத்திருக்கிற ஒரு கார்டில் ஆண்டுக்கு 6,000 டாலர் செலவு வரைதான் அந்த விகிதம், அதற்கு மேல் 1 சதவீதம். பன்னிரண்டு கிஃப்ட் கார்டு வாங்குவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வாங்குகிற மளிகைக்கு அப்புறம் இடம் இருக்காது.

இதில் உண்மையாகவே லாபம் தருகிற இடம் ஒன்றுதான், அது சைன்-அப் போனஸ். புதுக் கார்டு எடுத்து மூன்று மாதத்தில் 4,000 டாலர் செலவு செய்தால் 60,000 பாயிண்ட் என்கிற மாதிரிச் சலுகைகள் சாதாரணம். மிக எளிய வழியில் பணமாக எடுத்தாலே அது 600 டாலர், விமான நிறுவனத்துக்கு மாற்றிப் பயன்படுத்தினால் இன்னும் கூடும். உங்கள் வீட்டுச் செலவு மூன்று மாதத்தில் 3,000 வரைதான் வருகிறது, 1,000 குறைகிறது என்றால், அந்த ஆயிரத்தை நிரப்ப இரண்டு கிஃப்ட் கார்டுக்கு ஆகிற 16 டாலர் செலவு நியாயமானது. உங்கள் நண்பர் பிசினஸ் கிளாஸில் போனது பெரும்பாலும் போனஸ்களின் பலனாகத்தான் இருக்கும். மாதா மாதம் பணத்தைப் புரட்டிச் சேர்த்த பாயிண்டுக்கு அதில் பங்கு குறைவு. அவரிடம் ஒருமுறை பிரித்துக் கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த இடத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் போனஸ் விதிகளிலேயே கிஃப்ட் கார்டு, ப்ரீபெய்டு கார்டு, ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவது, பணத்துக்குச் சமமானவை எதுவும் கணக்கில் சேராது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கொடுத்த போனஸைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. 'மளிகைக் கடையில்தானே வாங்கினேன், என்ன வாங்கினேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்பார்கள். சில கடைகள் தொகையோடு சேர்த்து, வாங்கிய பொருட்களின் பட்டியலையும் அனுப்புகின்றன. எந்தக் கடை என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் கார்டின் விதியைப் படித்துவிட்டு, அதில் இல்லை என்று எழுதியிருந்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் சொன்னால் நண்பர் சொல்கிற 'எப்போதும் ஓடும்' என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். 1999-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினியர், தன் பொருளை வாங்கினால் இலவச விமானப் பயணத்துக்கான மைல் தருவதாக ஓர் உணவுக் கம்பெனி அறிவித்த சலுகையைப் படித்துவிட்டு 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு 3,140 டாலர், கிடைத்தது சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் மைல். புட்டிங்கைத் தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்து, லேபிள்களை அவர்களையே உரிக்கச் சொன்னார். அவரை எல்லோரும் கொண்டாடுவார்கள், நானும்தான். அப்புறம் நாணயம் வந்தது. ஜனாதிபதிகள் படம் போட்ட ஒரு டாலர் நாணயங்களை மக்கள் கையில் புழங்க வைக்க, அமெரிக்க நாணயச்சாலை 2008-இலிருந்து முகமதிப்புக்கே விற்று, அஞ்சல் செலவையும் தானே ஏற்று வீட்டுக்கு அனுப்பியது. ஆட்கள் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் வங்கியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2011 ஜூலையில் நாணயச்சாலை கிரெடிட் கார்டு வாங்குவதை நிறுத்திவிட்டது.

2012 அக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் வால்மார்ட்டும் சேர்ந்து ப்ளூபேர்ட் என்ற ப்ரீபெய்டு கணக்கைக் கொண்டுவந்தன. நான் உள்ளே வந்தது அந்தக் காலத்தில்தான். மருந்துக் கடையில் ரீலோட் கார்டை (இப்படிப்பட்ட கணக்கில் பணம் ஏற்ற உதவும் கார்டு) கிரெடிட் கார்டில் வாங்கி, ப்ளூபேர்டில் ஏற்றி, அதிலிருந்தே பில் கட்டலாம். அமேசானும் அப்போது தன் பேமென்ட் சேவையில் மாதம் 1,000 டாலர் வரை கட்டணமில்லாமல் கார்டிலிருந்து அனுப்ப விட்டிருந்தது. 2014-இல் அமேசான் அதை மூடியது, மருந்துக் கடை ரீலோட் கார்டுக்குக் கிரெடிட் வாங்குவதை நிறுத்தியது. டார்கெட் கடையின் ரெட்கார்டு என்ற ப்ரீபெய்டு கார்டில் கவுன்ட்டரிலேயே கிரெடிட் கார்டு வைத்துப் பணம் ஏற்றலாம் என்று எல்லோரும் அங்கே ஓடினார்கள், 2015-இல் அதுவும் போனது. 2016 ஜனவரி 8-ஆம் தேதி ஏராளமான ப்ளூபேர்ட் கணக்குகளும், அதே அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சர்வ் என்ற ப்ரீபெய்டு கணக்குகளும் ஒரே நாளில் முடக்கப்பட்டன. அன்றைக்குக் காலையில் மின்னஞ்சல் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தேதி இன்னும் ஞாபகம் இருக்கும். இன்று ஓடுகிற வழி என்று யார் காட்டினாலும், அது எப்போது மூடும் என்று முன்கூட்டி அறிவிப்பு வராது. மூடும்போது உங்கள் கையில் எத்தனை கார்டு மாற்றப்படாமல் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இப்போது நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பெரிய கடை ஒன்றில் நான்கு கிஃப்ட் கார்டு வாங்கினேன். அடுத்த நாள் மணி ஆர்டர் கவுன்ட்டரில் முதல் மூன்றும் போயின. நான்காவது 'டிக்ளைன்ட்'. பின்பக்க எண்ணுக்குப் போன் செய்தேன், மிச்சம் 3 டாலர் சொச்சம் என்று இயந்திரக் குரல் சொன்னது. நான் கடையில் உயிர்ப்பித்த நாற்பது நிமிடத்தில் வேறு மாநிலத்தில் யாரோ செலவழித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கடியில் உறையைப் பார்த்தேன். ஒட்டுப் பகுதியின் ஓரத்தில் மயிரிழை அளவு சுருக்கம், கார்டின் எண் மேல் ஒட்டியிருந்த பட்டை மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் வெளிறிய வெள்ளி நிறம். யாரோ முன்னமே பிரித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடை, 'கார்டு கம்பெனியைக் கேள்' என்றது. கம்பெனி, 'ரசீதும் கார்டின் இரண்டு பக்கப் படமும் அனுப்பு' என்றது. அனுப்பினேன். ஒவ்வொரு போனிலும் ஒரு புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். 500 டாலர் திரும்ப வர ஒன்பது வாரம் ஆனது. என்னிடம் ரசீதுகளை மாத வாரியாகப் போட்டு வைத்த உறை இருந்ததால் வந்தது. அன்றைக்கு இருந்ததைவிட இப்போது இந்தத் திருட்டு பெருகியிருக்கிறது. 2024-இல் மேரிலாந்து மாநிலம் கிஃப்ட் கார்டு உறை எளிதில் பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

ஒன்பது வாரம் 500 டாலர் முடங்கியது எனக்குப் பெரிய அடி இல்லை, அப்போது கையில் பணம் இருந்தது. உங்கள் நிலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கார்டு, 5,000 டாலர். ஏதோ காரணத்தால் ஒரு மாதம் மாற்ற முடியவில்லை: கடை மணி ஆர்டருக்குக் கிஃப்ட் கார்டு வாங்க மாட்டேன் என்கிறது, அல்லது வங்கி நீங்கள் போட்ட மணி ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறது. கார்டு பில் தேதி நிற்காது. ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் 5,000-க்கு ஒரு மாத வட்டி 100 டாலர். 2 சதவீதக் கார்டில் அந்தப் பத்துக் கார்டும் ஒழுங்காகப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபம் 22 டாலர்கூட இல்லை. அதோடு, முழுப் பாக்கியையும் கட்டாத மாதம் புதிதாக வாங்குகிற அரிசி பருப்புக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத தவணை நாட்கள் போய்விடும். அதனால் என் முடிவு ஒன்றே ஒன்று: கிஃப்ட் கார்டில் மாட்டிய முழுத் தொகையையும் உங்கள் சேமிப்பிலிருந்து இன்றைக்கே கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். 'கார்டு மாறியதும் கட்டிவிடலாம்' என்று நினைத்து வாங்கினால் அது கடன் வாங்கிச் சூதாடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். சேமிப்பு அதிகமில்லை என்று எழுதிய உங்களுக்கு இந்த ஒரு வரியே பதில் என்றுகூடச் சொல்லலாம்.

சட்டத்துக்கு வருகிறேன். கிஃப்ட் கார்டு வாங்குவதும், அதை மணி ஆர்டராக்குவதும், உங்கள் சொந்தப் பெயரில் எழுதி உங்கள் கணக்கில் போடுவதும் குற்றம் இல்லை. இது உறுதி. ஆனால் கார்டு கம்பெனியின் ஒப்பந்தத்துக்கு அது எதிராக இருக்கலாம், அவர்கள் கணக்கை மூடலாம், சேர்ந்த பாயிண்டை ரத்து செய்யலாம். சிறைக்குப் போக வைக்கக்கூடியது இன்னொன்று, அதைக் கவனமாகப் படியுங்கள். 1970-இல் வந்த வங்கி ரகசியச் சட்டத்தின்படி 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையை வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மணி ஆர்டர் வாங்கும்போதும் ஒரு நாளில் 3,000 டாலரைத் தொட்டால் அடையாள அட்டை, படிவம் என்று வரும். அஞ்சலகத்தில் 8105-ஏ என்ற படிவம் தருவார்கள். நிரப்பிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் படிவத்தைத் தவிர்ப்பதற்காக இன்றைக்கு 2,900, நாளைக்கு 2,900, பக்கத்து ஊரில் 2,900 என்று பிரிப்பதுதான் குற்றம். அதற்கு ஸ்ட்ரக்சரிங் என்று பெயர். பணம் முழுக்க உங்கள் சம்பளப் பணமாக இருந்தாலும், வரியெல்லாம் கட்டியிருந்தாலும், பிரித்த நோக்கமே குற்றமாகிவிடும். ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. 'மூவாயிரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள், தொந்தரவு இருக்காது' என்று உங்கள் நண்பர் சொல்லியிருந்தால், அவர் நல்லெண்ணத்தில் உங்களை மிக மோசமான இடத்துக்கு அனுப்புகிறார்.

வங்கிப் பக்கம் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வந்து வாடகை போகிற கணக்கில் திடீரென்று வாரம் நான்கைந்து மணி ஆர்டர் விழுந்தால், கறுப்புப் பணம் தேடுகிற மென்பொருளின் கண்ணில் அது படும். கடத்தல்காரர்களும் இதே வழியைப் பயன்படுத்துவதால் வங்கியைக் குறை சொல்ல முடியாது. சந்தேக அறிக்கை ஒன்று அரசுக்குப் போகும், அது போனது என்று உங்களிடம் சொல்ல வங்கிக்குச் சட்டப்படியே தடை. உங்களுக்குத் தெரிய வருவது கடைசியில் வருகிற கடிதம் மட்டும்: 'உங்கள் கணக்கை முப்பது நாளில் மூடுகிறோம்.' எனக்கு அப்படி ஒன்று 2017-இல் வந்தது. காரணம் கேட்டேன், வணிக முடிவு என்றார்கள். சம்பளம், வீட்டு வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் வேறு வங்கிக்கு மாற்ற இரண்டு வாரம் மதிய உணவு நேரமெல்லாம் போனோடு போனது. மனைவியின் கணக்கும் அதே வங்கியில் இருந்ததால் அதையும் சேர்த்து மூடினார்கள். அவர் ஒரு மணி ஆர்டரைக்கூடத் தொட்டதில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் இதை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது.

வரி பற்றிப் பலருக்கும் குழப்பம். செலவு செய்து பெறுகிற பாயிண்ட் தள்ளுபடி மாதிரி, வருமானம் ஆகாது என்பதுதான் பொதுவான நடைமுறை. ஆனால் எம்எஸ் பற்றியே ஒரு தீர்ப்பு இருக்கிறது: 2021 பிப்ரவரியில் அமெரிக்க வரி நீதிமன்றம் சொன்ன அனிகீவ் வழக்கு. அந்தத் தம்பதி 2013, 2014 இரண்டு ஆண்டுகளில் வரம்பில்லாமல் 5 சதவீதம் தந்த ஒரு பழைய கார்டில் 64 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்து, மூன்று லட்சம் டாலருக்கு மேல் பணமாகப் பெற்றிருந்தார்கள். நீதிமன்றம் இரண்டாகப் பிரித்தது. கிஃப்ட் கார்டு ஒரு பொருள், அதை வாங்கிக் கிடைத்த பாயிண்ட் விலைக் குறைப்பு, எனவே வரி இல்லை. கார்டில் நேரடியாக மணி ஆர்டர் வாங்கியதும், ரீலோட் கார்டில் பணம் ஏற்றியதும் பொருள் வாங்கியது ஆகாது, அதில் கிடைத்தது வருமானம், வரி உண்டு. அந்தத் தம்பதியின் விவரங்களை வைத்துச் சொன்ன தீர்ப்பு என்பதால், இதை எல்லோருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. நண்பரைச் சேர்த்துவிட்டுப் பெறுகிற ரெஃபரல் போனஸ், வங்கிக் கணக்குத் திறந்து பெறுகிற போனஸ் ஆகியவை வேறு கதை, அவை வருமானம்தான். ஆண்டு முடிந்ததும், அந்த வருமானத்தை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099 படிவம் பெரும்பாலும் வரும், கணக்கில் காட்டுங்கள்.

விசா பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிஃப்ட் கார்டு அலுத்துப்போனால் அடுத்து உங்களிடம் சொல்லப்படுவது பையிங் குரூப்பாக இருக்கும். புதுப் போனையோ லேப்டாப்பையோ உங்கள் கார்டில் வாங்கி அவர்கள் சொன்ன முகவரிக்கு அனுப்பினால், அவர்கள் வாங்கிய விலையைத் தருவார்கள், பாயிண்ட் உங்களுக்கு. இது பொருள் வாங்கி விற்கும் வியாபாரம். எச்1பி விசாவில் இருப்பவர் விசா கொடுத்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். தொடர்ச்சியாக வாங்கி விற்று, விற்றுப் பெற்ற பணத்தைக் காட்டும் 1099-கே படிவம் உங்கள் பெயருக்கு வந்து, நாளைக்குக் கிரீன் கார்டு நேர்காணலில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வேண்டாம். பணம் தராமல் ஏமாற்றிய குரூப்புகளும் உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னதாக இன்னும் இரண்டு. எந்தக் கிரெடிட் கார்டானாலும் மணி ஆர்டரை அதில் நேரடியாக வாங்க முயலாதீர்கள். வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கணக்கிட்டால், பெரும்பாலும் 5 சதவீதக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் விழும். போன் செய்து கேஷ் அட்வான்ஸ் (கார்டில் ரொக்கம் எடுக்கும்) வரம்பை முடிந்த அளவு குறைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான கம்பெனிகள் செய்வார்கள். இதை எம்எஸ் செய்யாதவர்களும் செய்து வைக்கலாம். அப்புறம், ஒரே நேரத்தில் நிறையக் கார்டு எடுக்காதீர்கள். சேஸ் வங்கி, கடந்த 24 மாதத்தில் ஐந்து கார்டு எடுத்தவர்களுக்குப் புதிதாகத் தருவதில்லை என்பது எல்லோரும் அனுபவத்தில் கண்ட விதி. நல்ல போனஸ் பல அவர்களிடம் இருப்பதால், அந்த ஐந்து இடத்தை யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? தங்கை கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு மூன்று பேர் சென்னை போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இரண்டு போனஸ், மனைவி பெயரில் தனியாக ஒன்று போதும், எகானமி டிக்கெட்டில் பெரும்பகுதி வந்துவிடும். கார் இன்ஷூரன்ஸை மாதா மாதம் கட்டாமல் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுவேன். அது பெரிய தொகை, புதுக் கார்டு வந்த வாரத்தில் கட்டினால் போனஸ் அளவில் கால்வாசி முடியும். கல்யாணத்துக்கு எடுக்கிற டிக்கெட்டுகளில் ஒன்றைப் பாயிண்டில் எடுக்காமல் கார்டிலேயே வாங்குவேன். வருமான வரி பாக்கி வருகிறவராக இருந்தால் அதைக் கார்டில் கட்டலாம். ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித் துறை அனுமதித்த கம்பெனிகள் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டணம் வாங்குகின்றன. போனஸ் வருகிற மூன்று மாதத்துக்கு மட்டும் அது லாபம், மற்ற நாளில் வேண்டாம். ஒழுங்கான பில், ஒழுங்கான ரசீது, எந்த வங்கியும் கேள்வி கேட்காது. இவ்வளவுக்கும் பிறகு 300, 500 குறைந்தால், விதியில் தடை இல்லாத கார்டாக இருந்தால், நீங்கள் வழக்கமாக வாங்குகிற கடையின் சொந்தக் கிஃப்ட் கார்டையே வாங்கி வைத்துக்கொள்வேன். அதற்குக் கட்டணம் கிடையாது, மணி ஆர்டர் வரிசையும் கிடையாது, அடுத்த இரண்டு மாத மளிகையில் தானாகத் தீர்ந்துவிடும். உறையின் ஒட்டை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள், கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஆள் கண்ணெதிரில் தொங்குவதில் எடுங்கள், கடைசி மூலையில் தொங்குவதில் வேண்டாம்.

உங்கள் வீட்டின் மாதச் செலவை வாடகை, மளிகை, கார், மற்றவை என்று நான்காகப் பிரித்து எழுதுங்கள். எந்தக் கார்டை முதலில், எந்த மாதத்தில் எடுத்தால் கல்யாணத் தேதிக்குள் பாயிண்ட் கணக்கில் ஏறும் என்று பார்த்துச் சொல்கிறேன். டிக்கெட் எடுக்க ஐந்தாறு மாதத்துக்கு முன்பாகவே பாயிண்ட் கையில் இருக்க வேண்டும், கோடை விடுமுறைக்கு என்றால் இன்னும் முன்னால்.